பாவாடை கட்டிக்கொண்டு வாருங்கள், லாவ்ஷி

பாலர் பள்ளியில் மதியம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவோம். பிள்ளைகள் மெத்தையில் புரண்டு, தண்ணீர் கேட்டு, ஒருவழியாகத் தூங்க ஒரு மணியாகிவிடும். அதற்கப்புறம் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் எங்களுக்கும் நாலு வார்த்தை பேச முடியும். சீன மொழி ஆசிரியையும் தமிழாசிரியையான நானும் அரையிருட்டில் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கைவேலைகளைக் கோப்பில் ஒட்டிக்கொண்டே கிசுகிசுப்போம். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு நாங்கள் இருவரும் போன இந்தக் கதையும் அங்கேதான், அந்தத் தாழ்ந்த குரலில்தான் ஆரம்பித்தது.

பிள்ளைகள் அவரை லாவ்ஷி என்பார்கள். சீனத்தில் ஆசிரியர் என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் என்னைப் பிள்ளைகளைப் போலவே ‘ஆசிரியை’ என்பார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். சீனாவின் ஃபூச்சியான் மாநிலத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து 2009 இல் சிங்கப்பூருக்கு வந்தவர். நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 2005 இல் கல்யாணமாகி வந்தேன். அவர் நிரந்தரவாசி. நான் குடியுரிமை வாங்கிவிட்டேன். எங்களுக்குப் பொதுவாக இருப்பது கொஞ்சம் ஆங்கிலமும் நிறையக் கைச்சாடையும் இருபத்திரண்டு பிள்ளைகளும்.

2023 இல் எங்கள் மையத்தின் இன்னொரு சீன ஆசிரியை திடீரென வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். வயது நாற்பத்தொன்று. ஏன் போனார் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, தூக்க நேரத்தில், லாவ்ஷி தன் அடிவயிற்றின் மேல் கையை வைத்து “ஸுகோங்” என்றார். எனக்குப் புரியவில்லை. கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். கருப்பை. அப்புறம் அதன் கீழே விரலை வைத்து, “இங்கே. கழுத்து” என்றார்.

கருப்பையின் வாய் என்று நாம் சொல்வதைச் சீனர்கள் கழுத்து என்கிறார்கள். ‘ஸு’ என்றால் பிள்ளை, ‘கோங்’ என்றால் அரண்மனை. பிள்ளையின் அரண்மனைக்குக் கழுத்து. இவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிற ஓரிடத்தைப் பற்றி, தூங்கும் பிள்ளைகள் நடுவே, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று இரண்டு பேரும் கூனிக் குறுகிப் பேசிக்கொண்டிருந்தோம்.

“அவருக்கு அங்கே புற்று. முற்றிப்போய்தான் தெரிந்திருக்கிறது” என்றார் லாவ்ஷி.

“நீங்கள் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“இல்லை. ஒருதடவைகூட. நீங்கள்?”

“ஒருதடவை. 2011 இல்.”

அவர் விரல்விட்டு எண்ணினார். “பன்னிரண்டு வருடம். அப்படியென்றால் நீங்களும் இல்லை.”

உண்மைதான். இதில் எனக்கு மற்றவர்களைவிடப் பொறுப்பு அதிகம் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் என் பெரியம்மா இதில்தான் போனார். 1996 இல், நான் பதினைந்து வயதில் பார்த்தது. வெள்ளைப்படுதல் என்று ஆரம்பித்து, இரத்தமாகி, நாற்றம் தாங்க முடியாமல் போனபோதுதான் வீட்டு ஆண்களுக்கே விஷயம் தெரிந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு என்ற சொல்லெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்தபின் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் படுக்க வைத்தார்கள். என்ன நோய் என்று கேட்டவர்களுக்கு வயிற்றுக்கட்டி என்று சொல்லச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பெரியம்மா போன நாலைந்து வருடத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அம்பிளிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகள் வந்தார்கள். முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார்கள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். பக்கத்து வீட்டு மதனிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம். போன வாரம் இதை எழுதுவதற்காக அத்தைக்குப் போன் போட்டேன்.

“என்னத்தடி கேக்குற இப்ப வந்து? பள்ளிக்கூடத்துல திரை கட்டியிருந்தாக. சேலையத் தூக்கிக்கிட்டுப் படுத்தோம். அந்தப் புள்ள பஞ்சுல வினிகரத் தொட்டு உள்ள வச்சுச்சு. செத்த நேரம் கழிச்சு லைட் அடிச்சுப் பாத்துச்சு. வெள்ளையாத் தெரியுதுக்கான்னுச்சு. அங்கயே குளுரக் குளுர எதையோ வச்சு எடுத்துவிட்ருச்சு. அம்புட்டுத்தான். மறுநா களையெடுக்கப் போனேன்.”

அந்த வினிகர் வைத்தியத்தின் முழு விவரம் எனக்குச் சிங்கப்பூர் வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நீர்த்த அசிட்டிக் அமிலம் பட்டால், மாறத் தொடங்கிய செல்கள் இருக்கும் இடம் வெளுத்துக் காட்டும். அதை அப்போதே உறையவைத்து அழித்துவிடலாம். பயிற்சி பெற்ற நர்சு போதும், ஆய்வகம் வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 இலிருந்து நடந்த அந்த ஆய்வில் 30,000 க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை செய்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள், நடக்காத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைவு. 2007 இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. உலகம் முழுக்க ஏழை நாடுகளில் இந்த முறையைக் கொண்டுபோகும்போது காட்டும் சான்றுகளில் எங்கள் மாவட்டத்துச் சான்றும் ஒன்று. ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறிச் சந்தை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால் பெரியம்மா இருந்திருப்பார். அத்தைக்கு இப்போது அறுபத்தைந்து. சந்தையில் உட்கார்ந்து அவரைக்காய் கூறு போடுகிறார்.

இத்தனை பார்த்த நான் பன்னிரண்டு வருடம் ஏன் போகவில்லை? 2011 இல் ஒரு மருந்தகத்துக்கு, அதாவது கிளினிக்குக்குப் போனேன். எது என்று சொல்ல விரும்பவில்லை. கால்சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், மேலே போட்டுக்கொள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. கருவியை வைத்தபோது வலித்தது, உடம்பு தானாக இறுகியது. “ரிலாக்ஸ், ரிலாக்ஸ், இல்லையென்றால் செய்ய முடியாது” என்று குரல் மட்டும் உயர்ந்தது. முடிவு நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கட்டிலுக்குத் திரும்ப எனக்குக் கால் வரவில்லை. அடுத்தடுத்து வந்த நினைவூட்டல்களை மடித்து, மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நடுவில் 2021 இல் என் மகள் உயர்நிலை ஒன்றுக்குப் போனாள். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரசுக்கு எதிரான தடுப்பூசிக்குச் சம்மதப் படிவம் வந்தது. 2019 இலிருந்து உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஒரு நொடி யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். “இது எதுக்கும்மா?” என்றாள். சொன்னேன். “அப்ப உங்களுக்கு?” என்றாள். எங்கள் காலத்தில் ஊசி கிடையாது, அதற்குப் பதில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றேன். “செஞ்சுட்டீங்களா?” என்றாள். செஞ்சுட்டேன் என்றேன். பத்து வருடம் முன்னால் செய்தது என்று சொல்லவில்லை. பிள்ளையிடம் பாதி உண்மை சொன்னது ரொம்ப நாள் உறுத்தியது. (ஊசி போட்டுக்கொண்டவர்களும் 25 வயதுக்கு மேல் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஊசி எல்லா வகை வைரசையும் தடுப்பதில்லை. இதை மகளிடம் அப்புறம் சொல்லிவிட்டேன்.)

லாவ்ஷி போகாததற்கு என்ன காரணம் என்று நான் முதலில் நினைத்தது எல்லாம் தவறு. மொழி தெரியாமல் இருந்திருக்கும் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் மாண்டரின் தெரிந்தவருக்கு மருந்தகத்தில் என்ன மொழிப் பிரச்சினை? தாதிகளில் நிறையப் பேர் பேசுவார்கள். துண்டுப்பிரசுரம் நான்கு மொழிகளிலும் கிடைக்கிறது. நானே அரசாங்கப் பலதுறை மருந்தகத்திலிருந்து சீனப் பிரசுரம் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் அதை மரியாதையாக வாங்கி, “இது என் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது” என்றார்.

அப்புறம் ஒவ்வொரு மதியமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

முதலாவது, உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது ஆஸ்பத்திரிக்குப் போவது வம்பை விலைக்கு வாங்குவது என்று அவர் அம்மா சொல்வாராம். என் அம்மாவும் இதையேதான் சொல்வார். வீட்டுக்காரர் சீனாவில் ஃபூச்சோ நகரத்தில் கடை வைத்திருக்கிறார், வருடத்துக்கு இரண்டு முறைதான் பார்க்கிறார்கள். புருஷன் பக்கத்தில் இல்லாத பொம்பளை அந்த இடத்தைப் போய்க் காட்டினால் பதிவு செய்யும் இடத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு பயம். ஆண் மருத்துவர் வந்துவிடுவாரோ என்று இன்னொரு பயம். கெட்ட முடிவு வந்தால் நிரந்தரவாசத்தைப் புதுப்பிக்கும்போது அது குறுக்கே நிற்குமோ என்ற பயத்தை அவர் சொல்லவே மூன்று வாரம் ஆயிற்று. அப்படியெல்லாம் இல்லை என்று நான் உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அவரை அதட்ட எனக்கு மனசு வரவில்லை. வேலை அனுமதிச்சீட்டில் வந்து, ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனையும் ‘தங்கலாம்’ அல்லது ‘கிளம்பு’ என்று முடியும் காலத்தைக் கடந்து வந்தவர். எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பயம் உடம்பை விட்டுப் போவதில்லை.

இன்னொன்றும் சொன்னார். அவர் சீனாவிலிருந்து கிளம்பிய அதே 2009 இல்தான் அங்கே கிராமத்துப் பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகம் இரண்டுக்கும் இலவசப் பரிசோதனை தொடங்கினார்கள். ‘லியாங் ஆய்’, இரண்டு புற்று என்று பெயர். முப்பத்தைந்து வயதில் தொடக்கம். அவருக்கு அப்போது சரியாக முப்பத்தைந்து. அவருடைய அக்கா ஊரிலேயே இருந்ததால் போய்விட்டார், இவர் விமானம் ஏறிவிட்டார். எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. நர்சுகள் வந்தபோது எனக்கு இருபது, வயது போதாது. வயது வந்தபோது நான் ஊரில் இல்லை. ஒரு நாட்டின் கதவு திறக்கும் முன்னால் கிளம்பி, இன்னொரு நாட்டின் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் பத்து வருடம் போய்விடுகிறது.

இதில் சீனப் பெண்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. என்னைப் பார்த்தால் இவள் எங்கிருந்தோ வந்தவள் என்று தெரிந்துவிடும். யாராவது ஒருவர் நின்று விளக்குவார். சிங்கப்பூர்வாசிகளில் நாலில் மூன்று பேர் சீனர்கள். லாவ்ஷி அவர்களோடு ஒருவராகத்தான் கண்ணுக்குத் தெரிகிறார். அதனால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படி நினைத்தேன்.

ஒரு ராத்திரி இணையத்தில் தேடியபோது வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு கிடைத்தது. சியாட்டில், வான்கூவர் இரண்டு நகரங்களிலும் குடியேறிய சீனப் பெண்களைப் பற்றியது, 2002 இல் வந்தது. பரிசோதனையில் பின்தங்கியிருந்த பெண்களை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு அவர்கள் மொழி பேசும் பெண் ஒருவர் வீட்டுக்கே போய், காணொளியும் பிரசுரங்களும் கொடுத்து, பேசி, போக்குவரத்து மாதிரியான உதவியும் செய்திருக்கிறார். இரண்டாவது குழுவுக்கு அதே பொருள்கள் தபாலில். மூன்றாவதுக்கு எப்போதும் நடப்பது மட்டும். அப்புறம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள்: ஆள் போன குழுவில் 39 விழுக்காடு, தபால் குழுவில் 25, எதுவும் இல்லாததில் 15.

இதை லாவ்ஷியிடம் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “வீட்டுக்கு ஆள் வந்தும் பாதிக்கு மேல் போகவில்லையே” என்றார். சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. தான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதுபோல. சிங்கப்பூரிலும் தேவைப்படும் பெண்களில் பாதிப் பேர்கூட ஒழுங்காகச் செய்துகொள்வதில்லை என்பதையும் சொன்னேன். தலையாட்டினார்.

“சரி, நான் வீட்டுக்கு வந்து பேச மாட்டேன். கூட வருகிறேன். நானும் செய்துகொள்ள வேண்டும், எனக்கும் பயம்” என்றேன். எனக்குப் பயம் என்று சொன்னதும்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் வேலையில் நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாது. காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தால் மாலை ஏழு வரை, இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை ஆசிரியர் என்று கணக்கு இருக்கிறது. ஒருவர் குறைந்தால் இன்னொருவர் சாப்பிடப் போக முடியாது. மருந்தகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் நாங்கள் வகுப்பில் இருப்போம். அதனால் மையம் ஆசிரியர் பயிற்சிக்காக மூடும் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தோம். பயிற்சி மதியம் ஒரு மணிக்கு, மருந்தகம் காலை ஒன்பதரைக்கு. மாதவிடாய் நாள் இல்லாமல் பார்த்து, செங்காங் பலதுறை மருந்தகத்தில் பக்கத்துப் பக்கத்து நேரமாக ஹெல்த்ஹப் செயலியில் பதிவு செய்தேன். பெண் தாதிதான் செய்வார் என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கேட்பதில் ஒரு தவறும் இல்லை, அவர்களும் முகம் சுளிக்காமல் சொன்னார்கள்.

முதல் நாள் ராத்திரி லாவ்ஷிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். “பாவாடை கட்டிக்கொண்டு வாருங்கள்.” 2011 இல் எனக்கு யாரும் சொல்லாதது அது. கால்சட்டை போட்டுப் போனால் இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நீளப் பாவாடை என்றால் உள்ளாடையை மட்டும் கழற்றிவிட்டு, பாவாடையை மேலே சுருட்டிக்கொண்டு படுத்துவிடலாம். நம்முடைய துணி நம்மேல் இருக்கும். அத்தை சேலையைத் தூக்கிக்கொண்டு படுத்ததைச் சாதாரணமாகச் சொன்னாரே, அதன் அருமை எனக்கு இப்போதுதான் புரிந்தது. லாவ்ஷி சீனப் புத்தாண்டுக்கு மட்டும் உடுத்தும் கருநீலப் பாவாடையில் வந்து நின்றார்.

காத்திருக்கும்போது அவர் கையில் இருந்த எண் சீட்டு நனைந்து சுருண்டுவிட்டது. பேச்சை மாற்ற, நான் படித்த ஒரு கதையைச் சொன்னேன். கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனைக்குப் பாப் ஸ்மியர் என்று பெயர். அதில் வரும் பாப், பாபனிகொலாவ் என்ற கிரேக்க மருத்துவரின் பெயர். 1913 இல் மனைவியோடு நியூயார்க் வந்து இறங்கியபோது இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது. மனைவி ஒரு பெரிய கடையில் பொத்தான் தைக்கும் வேலை பார்த்தார். அப்புறம் கணவரின் ஆய்வகத்தில் உதவிக்குச் சேர்ந்தார். ஆராய்ச்சிக்குப் பெண்களின் செல்கள் வேண்டியிருந்தபோது, அந்த அம்மா வருடக்கணக்காகத் தன் உடம்பிலிருந்தே மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தார். ஆண்ட்ரோமாகி என்று பெயர். பிழைக்க வந்த இடத்தில் பொத்தான் தைத்தவர்.

“அவருக்குத் துணையாக யாராவது போனார்களா?” என்று கேட்டார் லாவ்ஷி.

என் எண் முதலில் வந்தது. தாதி மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். கருவியைக் கையில் காட்டி, “இது பிளாஸ்டிக், இப்படி விரியும், இந்தச் சத்தம் வரும், பயப்படாதீர்கள்” என்றார். போன தடவை வலித்தது என்று நானே சொன்னேன். சின்ன அளவை எடுத்துக்கொண்டார். கையை முஷ்டியாக்கி இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னார். மூச்சை மெதுவாக விடும்போது உள்ளே வைத்தார். இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது, வலி என்று சொல்ல முடியாது. ஒரு சிறு பிரஷ் சுற்றியது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாதி ஒன்றும் கேட்காமல் காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

லாவ்ஷி தன் முறை வந்தபோது, என்னையும் உள்ளே கூட்டிவரலாமா என்று கேட்டார். தாதி சரி என்றார். திரைக்கு இந்தப் பக்கம், அவர் தலைமாட்டில் நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, சீனத்தில் என்னவோ முணுமுணுத்தார். அப்புறம் கேட்டேன். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாராம். எண்பத்திரண்டில் முடிந்துவிட்டது.

இப்போது முப்பது வயதுக்கு மேல் செய்வது எச்பிவி சோதனை. 2019 இலிருந்து இப்படி. எடுக்கும் விதம் பழைய மாதிரிதான், ஆனால் செல்லைப் பார்ப்பதற்குப் பதில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. 25 முதல் 29 வயது வரை பழைய பாப் சோதனையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். பணத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தின் பரிசோதனைத் திட்டத்தில், மானியம் தரும் சாஸ் மருந்தகங்களில் குடிமக்கள் கட்டுவது அதிகபட்சம் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கு அதுவும் இல்லை. நிரந்தரவாசியான லாவ்ஷிக்குப் பலதுறை மருந்தகத்தில் என்னைவிடக் கூடுதலாக ஆனது. இன்னொன்று: உறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தம் என்று ஏதாவது இருந்தால் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள். என் பெரியம்மா காத்திருந்தார்.

எனக்கு வைரஸ் இல்லை என்று வந்தது. லாவ்ஷிக்கு இருக்கிறது என்று வந்தது.

அன்று மதியம் அவர் முகத்தைப் பார்த்து நான் புற்றுநோய் என்றே நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. ஆபத்து அதிகமான 16, 18 வகைகள் இல்லை, வேறு ஒன்று. அதே மாதிரியில் செல்களையும் பார்த்திருக்கிறார்கள், மாற்றம் இல்லை. ஒரு வருடம் கழித்துத் திரும்ப வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவரை உடைத்தது நோய்ப் பயம் இல்லை. இந்த வைரஸ் உடலுறவில் பரவுவது என்று வாசித்திருக்கிறார். “யாரிடமிருந்து?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கணவர் அவ்வளவு தூரத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டால் அவர் தன்னைச் சந்தேகப்பட்டால் என்ன செய்வது? கேட்காவிட்டால் தான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பரிசோதனை பற்றிய எந்தப் பிரசுரமும் இந்தக் கேள்விக்குப் போதுமான இடம் கொடுப்பதில்லை என்பது என் மனக்குறை. நம் பெண்களுக்கும் இதே கேள்விதான் வரும், சத்தியமாக வரும்.

அறை முழுக்கப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்குச் சளி, ஒருவனுக்கு மூக்கு கொரகொரவென்றிருந்தது. நான் சொன்னேன்: “லாவ்ஷி, நம் வகுப்பில் சளி வந்தால் யாரிடமிருந்து வந்தது என்று கேட்போமா? எல்லோருக்கும் வரும், முக்கால்வாசிப் பேருக்குத் தானாகப் போய்விடும். இதுவும் அப்படித்தான். கல்யாணமான பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது வந்து போவது. நிறையப் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். இருபது வருடமாகச் சத்தமில்லாமல் உள்ளேயே கிடந்து இப்போது தலைகாட்டியும் இருக்கலாம். உங்களுக்கு இருபத்துநாலு வயதில் கல்யாணம் ஆயிற்று. அன்றைக்கு வந்ததா, போன வருடம் வந்ததா, எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அது தங்கிவிட்டால் புற்றாக மாறப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். அதற்குள் பிடித்துவிடத்தான் ஒரு வருடம் கழித்து வரச்சொல்கிறார்கள்.”

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மூக்கு அடைத்த பையனைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தார். “இவனுக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்” என்று பக்கத்து மெத்தையைக் காட்டினார். சிரித்துவிட்டோம், பிள்ளைகள் எழுந்துவிடாமல், வாயைப் பொத்திக்கொண்டு.

கணவரிடம் அவர் கேட்கவில்லை. அது அவருடைய முடிவு. 2024 இல், இன்னொரு மூடல் நாளில், அதே பாவாடையில் போனார். நானும் போனேன், வெறுமனே உட்கார்ந்திருக்க. முடிவு வந்தபோது தூக்க நேரம் இல்லை, பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் கத்திக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வைரஸ் இல்லை. இந்தத் தடவை கிசுகிசுக்காமல், சத்தமாக, “ஆசிரியை, இல்லை!” என்றார்.

இந்த வருடம் அவர் இரண்டு சீன ஆசிரியைகளைத் தானே கூட்டிக்கொண்டு போனார். ஒருவர் ஷான்டோங்காரர், இன்னொருவர் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருபவர். ஜொகூர்க்காரர், மலேசியாவில் ரோஸ் என்ற திட்டத்தில் பெண்கள் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக்கொடுக்கிறார்கள், முடிவு கைப்பேசிக்கே வருகிறது என்று சொன்னார். கேட்க ஆசையாக இருந்தது. கூச்சத்தால் நின்றுபோகும் எத்தனையோ பேரை அது கொண்டுவரும்.

என் பக்கம் நான் இரண்டு பேரைப் பிடித்து வைத்திருக்கிறேன். மையத்தில் சமைக்கும் அக்கா சரி என்று சொல்லிவிட்டார். இன்னொருத்தி எங்கள் புளோக்கில் வீட்டு வேலை பார்க்கும் சிவகங்கைத் தங்கை. முப்பத்தாறு வயது, ஊரில் இரண்டு பிள்ளைகள். “ஆறு மாசத்துக்கு ஒருக்கா டாக்டர்கிட்ட போறேனேக்கா, அதுலயே எல்லாம் பாத்துருவாங்க” என்றாள். வேலை அனுமதிக்காகச் செய்யும் அந்தச் சோதனையில் கர்ப்பமா என்று பார்ப்பார்கள், தொற்று நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இதைப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னபோது அவள் முகம் விழுந்துவிட்டது. ஆறு மாதத்துக்கொருமுறை அவள் உடம்பைச் சோதிக்கிறார்கள், அவளுக்கான சோதனை மட்டும் அதில் இல்லை. எந்தச் சலுகையும் கிடையாது, முழுக் கட்டணம். முதலாளியம்மாவிடம் நானே பேசினேன். அவர் பாதி தருகிறேன் என்றார். மீதியை லாவ்ஷியும் நானும் போட்டுக்கொள்கிறோம்.

வருகிற ஞாயிறு அவளுக்கு விடுமுறை. அன்று திறந்திருக்கும், பெண் மருத்துவர் இருக்கும் மருந்தகம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இங்கு வந்ததிலிருந்து கால்சட்டைதான் போடுகிறேன், பாவாடை இல்லையே என்றாள். என்னிடம் இருந்த சுங்குடிப் பாவாடையை நேற்றுத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். இடுப்பு நாடா கொஞ்சம் இற்றுப்போயிருந்தது, புதிதாகக் கோத்துவிட்டேன்.